மண்டோருக்குச் சொன்ன பொய்

1943. மலாயாவில், ஜெஞ்சாரோம் பக்கத்துத் தோட்டங்களில் ஜப்பான்காரன் தயவில் மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. அதே ஆண்டு மெக்சிகோவில் ரசல் மார்க்கர் என்ற அமெரிக்க வேதியியலாளரும் கிழங்கும் கையுமாகத்தான் இருந்தார். அவருடையது காட்டுக் கிழங்கு. தின்பதற்கல்ல, புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் எடுப்பதற்கு. நம் கிழங்கு வயிற்றை நிரப்பியது. அவர் கிழங்கின் வாரிசுகள் வயிறு நிரம்பாமல் பார்த்துக்கொண்டன.

அந்த ஹார்மோனையும் ஈஸ்ட்ரோஜெனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர் ஜான் ராக். பாஸ்டன் டாக்டர், பூசை தவறாத கத்தோலிக்கர். அவரிடம் வந்த 80 பெண்களும் பிள்ளை வேண்டாம் என்று வந்தவர்கள் அல்லர். பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள்! சில மாதம் மருந்து கொடுத்து நிறுத்தினார். 13 பேர் கர்ப்பமானார்கள். "மாத்திரை தின்னா வயிறு காஞ்சி போயிரும்" என்று லயத்துப் பாட்டிகள் மிரட்டிய சமாச்சாரம், மலடு நீக்கும் வைத்தியமாகத்தான் தொடங்கியது.

1957-இல் அமெரிக்கா, அந்த வழியில் வந்த மாத்திரையை மாதவிடாய்க் கோளாறுக்கு அனுமதித்தது. உடனே லட்சக்கணக்கான பெண்களுக்கு அந்தக் கோளாறு வந்துவிட்டது. 1960-இல் கருத்தடைக்கென்றே அனுமதி கிடைத்தது. அப்புறம் யாரும் கோளாறு என்று நடிக்க வேண்டியிருக்கவில்லை.

மாத்திரை செய்யும் வேலை தோட்டத்தாருக்குச் சட்டென்று புரியும். மூளைக்கு அடியில் பிட்யூட்டரி என்றொரு மண்டோர். மாதாமாதம் பெரட்டு கூப்பிட்டு, ஒரு முட்டையை வேலைக்கு அனுப்புவார். "ஆள் ஏற்கெனவே வேலையில் இருக்கு" என்று மாத்திரை அவருக்குத் தினம் ஒரு பொய் சொல்லும். நம்பிவிடுவார், பெரட்டு கிடையாது.

பொய்யை நிறுத்தினால்? மண்டோர் சீக்கிரமே சுதாரித்துவிடுவார். பெரும்பாலோர் ஒரு வருடத்துக்குள் கர்ப்பமாகிவிடுகிறார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி மட்டும் கொஞ்சம் பிடிவாதம். கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கப் பத்து மாதம்போல ஆகலாம், சிலருக்கு அதற்கு மேலும். தாமதம்தான், மலடு அல்ல. ஆனால் மாத்திரை முட்டைகளைச் சேமித்தும் வைக்காது. 25-இல் தொடங்கி 38-இல் நிறுத்தினால் இடையில் போன பதின்மூன்று வருடம் போனதுதான். பழி என்னவோ மாத்திரைக்கு.

அரசாங்கங்களின் கதை வேறு. அவசரகாலத்தில், கம்யூனிஸ்ட்டுக்குச் சோறு போகக்கூடாதென்று ஜெஞ்சாரோம் புதுக்கிராமத்தைச் சுற்றி வெள்ளைக்காரன் வேலி போட்டான். 1966-இல் மலேசியாவின் சொந்த அரசாங்கம் கர்ப்பப்பையைச் சுற்றி வேலி போடக் குடும்பத் திட்ட வாரியம் அமைத்தது. 3 விழுக்காட்டு மக்கள்தொகை வளர்ச்சி 1985-க்குள் 2 ஆக வேண்டுமாம். பொறுமை 1982 வரைதான். 15 மில்லியன்கூட இல்லாத நாட்டைப் பார்த்து, 70 மில்லியன் வேண்டும் என்றார் பிரதமர் மகாதீர். வேலியைப் பிரி!

மாத்திரையை நிறுத்திய உடம்பு மனம் மாறச் சில வாரம் போதும். அரசாங்கத்துக்குப் பதினாறு வருடம் பிடித்தது.

இன்று அதே வாரியம், பெயரை நீட்டிக்கொண்டு, கோலாலம்பூர் ஜாலான் ராஜா லாவுட்டில் இருக்கிறது. பிள்ளை இல்லாத தம்பதிகளுக்கு அங்கே சிகிச்சை உண்டு. ஜான் ராக் பிள்ளை வரத்தில் தொடங்கி மாத்திரைக்கு வந்தார். நம் வாரியம் மாத்திரையில் தொடங்கிப் பிள்ளை வரத்துக்கு வந்திருக்கிறது. பாட்டிகள் சபித்தது யாரை என்றுதான் இன்னும் விளங்கவில்லை.