கடாரத்துக்குப் படையெடுக்கும் மாப்பிள்ளைக்கு

வாடா மாப்ளே, உக்காரு. பினாங்கு, லங்காவி, கோலாலம்பூர்னு பிள்ளைகுட்டியோட சுத்திப் பாக்கக் கிளம்புறியாமே. நடுவுல கெடா மாநிலத்துச் சுங்கைப்பட்டாணில உன் அத்தை வீட்டுலயும் தங்கப் போறதா உன் பொண்டாட்டி சொன்னா. பேஷ்! ராஜேந்திர சோழன் 1025-ல கடாரத்துக்குக் கப்பல் படையை அனுப்பினான். ஆயிரம் வருசம் கழிச்சு அதே கெடாவுக்கு நீ உருட்டுப் பெட்டியோட போறே. என்ன ஒண்ணு, அந்தப் படை சோத்துக்கு அரிசியையும் கையோட கொண்டு போயிருக்கும்.

பினாங்குல ரூம் வாடகையைப் பாத்த பிறகுதான் உனக்கு அத்தை ஞாபகம் வந்துச்சுங்கறது எனக்குத் தெரியும். பரவால்ல, பாசத்துக்கும் ஒரு சாக்கு வேணும்ல. ஆனா என்னைக்கு வரலாம்னு முன்கூட்டியே கேட்டுட்டுப் போ. நீ பாட்டுக்கு ஞாயித்துக்கிழமை லீவுதானேன்னு போய் நிப்பே. கெடாவுல வாராந்திர லீவு வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளிக்கூடமும் உண்டு, ஆபீசும் உண்டு. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொன்னது, ஒத்தை ஆளா மஞ்சப்பையோட வந்த விருந்தாளிக்கு. நாலு பேரு, ஆறு பெட்டின்னா ஒன்றரை நாள் போதும்.

அத்தை மவன் கார்ல கூட்டிட்டுப் போறேன்னு சொல்லுவான். பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நீ கடலைப் பாத்து வாயைப் பொளக்குற நேரத்துல அவன் டோலுக்குக் கார்டைத் தட்டிருப்பான். நோட்டு கைமாறுறது கண்ணுக்குத் தெரியாததால செலவே இல்லைன்னு நினைச்சுக்காதே. பெட்ரோல் போட நிறுத்தினா அப்பவாவது தூங்குற மாதிரி நடிக்காம எறங்கு. டீக்கடையில விலையைக் கேட்டுட்டு, மலேசிய வெள்ளியை ரூபாயா மாத்திக் கணக்குப் போட்டு, "எங்கூர்ல இந்தக் காசுக்குக் குடும்பமே டிபன் சாப்பிடும்"னு மட்டும் சொல்லிடாதே. காசு கொடுக்கப் போறவன் நீயில்ல.

கொண்டு போறதுக்கு முறுக்கு, அதிரசம் போதும். அத்தை கேட்டுச்சுன்னு கருவேப்பிலைக் கன்னை மண்ணோட பிடுங்கிட்டுப் போகாதே. பர்மிட் இல்லாம செடி கொடி கொண்டு போனா ஏர்போர்ட்டுலயே பிடுங்கி வச்சுக்குவான்.

அப்புறம், அங்க போய் "உங்களுக்கெல்லாம் தமிழ் தெரியுதே!"ன்னு ஆச்சரியப்படாதே. அந்த நாட்டுல 500-க்கு மேல தமிழ்ப்பள்ளி இருக்கு. அத்தை பேத்தி கைகூப்பி "வணக்கம் மாமா, பசியாறிட்டீங்களா?"ன்னு கேக்கும். உன் மவன் "ஹாய் ஆன்ட்டி"ம்பான். அந்த இடத்துல யாரு வெளிநாட்டுக்காரன்னு அவங்களுக்கே குழப்பம் வந்துரும்.

அத்தை ஒரு பிஸ்கட் டின்னைத் தொறக்கும். அதுல உன் தாத்தா எழுதின ஏர்மெயில் கடுதாசியெல்லாம் அடுக்கி வச்சிருக்காம், போயிட்டு வந்தவங்க சொன்னாங்க. முதல் வரி "நலம், நலமறிய ஆவல்." ரெண்டாம் வரியிலேருந்து பட்டியல்: கைக்கடிகாரம் ஒண்ணு, நைலக்ஸ் சேலை ரெண்டு, டார்ச் லைட்டு, முடிஞ்சா ரேடியோ. அத்தையோட அப்பன் நாகப்பட்டினத்துல ரஜூலா கப்பலேறி, டெக்குல பாய் விரிச்சுப் படுத்துப் போனவரு. விடியறதுக்கு முன்ன எழுந்து ரப்பர் தோட்டத்துல பால் மரம் சீவினவரு. நீ கால் நீட்டிப் படுக்கிற வீட்டுக்குக் கீத்தை எடுத்துட்டு ஓடு போட்டது அந்தக் காசு. அவரு செத்த பிறகு அங்கேருந்து பணம் வரல, நம்ம கடுதாசியும் நின்னுபோச்சு. எவ்வளவு பொருத்தம் பாரு! அதனால அத்தை அந்த டின்னைத் தொறக்குறப்ப செல்போனை நோண்டாம உக்காந்து கேளு. லங்காவிக் கடல் எங்கயும் ஓடிப்போகாது.

இப்ப முக்கியமான விசயம். நம்மூர் கிழக்கு வெளியில அவங்க அப்பன் பங்கு மூணு மா நிலம் இன்னும் கூட்டுப்பட்டாவுல கிடக்கு. இத்தனை வருசமா எட்டிப் பாக்காத சொந்தம் திடீர்னு அதிரசத்தோட வந்து நின்னா, பலகாரப் பெட்டிக்கு அடியில முத்திரைத்தாள் இருக்குமோன்னுதான் அவங்க பாப்பாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. முன்னாடி போனவங்க பெட்டியில இருந்துச்சே! அதனால செருப்பைக் கழட்டுறதுக்குள்ள சொல்லிடு: "அத்தே, கையெழுத்து கேக்க வரல, பாத்துட்டுப் போகத்தான் வந்தேன்." அப்பறம் பாரு, கொழம்புல கறித்துண்டு தானா கூடும். "நிலம் இருக்குது அத்தே, மா ஒண்ணுக்கு இத்தனை மூட்டை விளையுது"ன்னு கணக்கையும் சொல்லிட்டேன்னு வையி, உன்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டு ஆடுவாங்க. ஆனா அதுக்குக் குத்தகை நெல்லு யாரு வீட்டுக்குப் போகுதுன்னும் சொல்லணும். என்னடா, தொண்டை அடைக்குதா? தண்ணி குடி.

கடைசியா ஒண்ணு கேக்குறேன். அத்தை மவன் அடுத்த வருசம் பெரிய கோயில், வேளாங்கண்ணி, ராமேஸ்வரம்னு பிள்ளைகுட்டியோட கிளம்பி வர்றான்னு வையி. கதவைப் பூட்டிக்கிட்டு மாமியா வீட்டுக்கு ஓடிருவியா, இல்ல மாடி ரூம்புல கிடக்குற நெல்லு மூட்டையை ஒதுக்கிப் படுக்கை போட்டுக் கொடுப்பியா? ஒதுக்குவேன்னா இன்னைக்கே டிக்கெட் போடு. இல்லேன்னா பினாங்குலயே ரூம் எடுத்துக்க. காசு பத்தலைன்னா நான் தர்றேன். வட்டி மட்டும் ஊர் வழக்கப்படி.