கம்பு சுத்தும் ஹேக்கர்

லிங்கிப் பக்கத்து ஹேக்கர் தம்பியை அடையாளம் காண்பது எளிது. சனிக்கிழமை இரவு, மைலோ ஐஸ் ஒரு கையில், பத்துப் பக்கப் பகடை மறு கையில். பாத்திரத் தாளின் தலைப்பில் 'நெட்ரன்னர்', அதாவது ஹேக்கர் என்று எழுதியிருப்பார். கீழே படித்தால் அடியாளின் ஜாதகம்.

தம்பி பக்கமும் நியாயம் உண்டு. மைக் பாண்ட்ஸ்மித் 1988இல் 'சைபர்பங்க்' என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டைக் கொண்டுவந்தார். 1990இல் வந்த 'சைபர்பங்க் 2020' வரை ஹேக்கர் வீட்டில் உட்கார்ந்தபடியே வலைக்குள் போய்விடலாம். அவர் தனியே ஆடி முடிப்பதற்குள் மற்றவர்கள் கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். 2020இல் வெளிவந்த 'சைபர்பங்க் ரெட்' அந்தச் சொகுசைப் பிடுங்கிக்கொண்டது. இப்போது வலைக்குள் புகும் நுழைமுனைக்கு 6 மீட்டருக்குள் ஹேக்கர் நேரில் நிற்க வேண்டும். நேரில் நின்றால் குண்டும் நேரில்தான் வரும்.

குண்டிலிருந்து விலக முயல்வதற்கே அனிச்சைத் திறன் 8 வேண்டும் என்கிறது விதிப் புத்தகம். தம்பி 8 போட்டார். வலைக்குள் புகுந்து வேலை பார்க்க 'இன்டர்ஃபேஸ்' தரமும் பகடையும் போதும், அறிவுத் திறனைக் கூட்டுவதில்லை என்று அதே புத்தகம் சொல்கிறது. அறிவில் கஞ்சம் பிடித்தார். இதுவரை விதிப்படிதான்.

பிறகுதான் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பார்த்த சிலம்பம் ஞாபகம் வந்தது. புத்தகத்தில் ஐகிடோ, ஜூடோ, கராத்தே, டேக்வாண்டோ என்று நான்கு தற்காப்புக் கலைகள்தான். ஆட்டம் நடத்துபவர் மனமிரங்கிக் கம்பைக் கைச்சண்டை ஆயுதங்களோடு சேர்த்துவிட்டார். தம்பி விடவில்லை, கராத்தேயும் வாங்கினார். தற்காப்புக் கலைக்கு இரட்டை விலை. 6ஆம் நிலைக்கு 12 புள்ளி. திறன்களுக்கென்று கையில் இருப்பதே 86. மின்பூட்டு, அலாரம் சமாளிக்கும் திறனுக்கும் அதே இரட்டை விலைதான். அந்தக் கட்டம் மட்டும் காலி.

நெட்ரன்னருக்கு ஒரு கைத்துப்பாக்கி, விலகத் தெரிந்த உடம்பு, ஒளியத் தெரிந்த கால் போதும். மிச்சத்தைச் சண்டைக்கென்றே இருக்கும் 'சோலோ' பாத்திரத்திடம் விட்டுவிடலாம். தம்பியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

ஒரு சுற்றில் வலைச் செயல் செய்யலாம், அல்லது உடம்பால் ஒரு செயல் செய்யலாம், இரண்டும் கூடாது. 4ஆம் தரத்தில் தொடங்கும் நெட்ரன்னருக்குச் சுற்றுக்கு 3 வலைச் செயல்கள். அந்த மூன்றையும் விட்டுக்கொடுத்து, தம்பி ஒரு முறை கம்பு சுற்றுகிறார்.

கூரையில் தானியங்கித் துப்பாக்கி சுடுகிறது. வலைவழி அதைக் கைப்பற்ற உதவும் நுழைமுனை தம்பியின் முதுகுக்குப் பின்னால்.

"தம்பி, அத அவனுங்க பக்கம் திருப்பு லா!" என்கிறார் சோலோ அண்ணன்.

"இருங்கண்ணே, இவன முடிச்சிட்டு வரேன்."

பகடை 2 விழுகிறது. அடி காற்றில். அடுத்த சுற்றிலும் கம்புதான். மூன்றாவது சுற்றில் சோலோ சாய்ந்துவிட, அண்ணன் புதுப் பாத்திரத் தாள் ஒன்று கேட்டு வாங்குகிறார். இந்த முறை அவரும் நெட்ரன்னராம்.