செயினுக்கு எண்ணெய்க் குளியல்

சைக்கிள் செயின் கிறீச்சிட ஆரம்பித்தால் வீட்டில் எல்லோரும் மெக்கானிக் ஆகிவிடுகிறார்கள். பாட்டி தேங்காய் எண்ணெய்க் குப்பியை நீட்டுவார். அப்பா பைக் ஒர்க்‌ஷாப்பிலிருந்து பழைய இன்ஜின் ஆயிலைக் கேட்டு வாங்கி வருவார். மாமாவோ, எந்த வியாதிக்கும் டபிள்யூடி-40 என்ற கட்சி.

மூவரில் பாட்டிக்கு எதிரி மார்கழி மாதம். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். அப்பாவின் ஆயில் கறுத்திருப்பதற்குக் காரணம் அதிலுள்ள கரியும் உலோகத் துகளும்; செயினைத் தேய்ப்பதற்கு உதவும், காப்பதற்கு அல்ல. மாமாவின் குப்பிக்குப் பூர்வீகம் பெரிய இடம். 1953-இல் அமெரிக்காவின் சான் டியாகோவில், ஈரத்தை விரட்டித் துருவைத் தடுக்கப் பிறந்தது. அட்லஸ் ஏவுகணையின் மேற்தகட்டில் பூசினார்கள். பிடித்துக்கொண்ட துருவை இளக்குவதில் கெட்டிக்காரன்தான். ஆனால் மெல்லிய திரவம், ஓடும் செயினில் நெடுநாள் நிற்காது. ஏவுகணையை யாரும் பெடல் மிதித்து ஓட்டவில்லையே!

உண்மையில் எண்ணெய் போய்ச் சேரவேண்டிய இடம் வெளியே தெரியவே தெரியாது. 1880-இல் மான்செஸ்டரில் ஹான்ஸ் ரெனால்ட் உருவாக்கிய அமைப்புதான் இன்றைய செயினுக்கும் அடிப்படை: பின், அதைச் சுற்றிப் புஷ், அதற்கு மேல் உருளும் ரோலர். தேய்மானம் நடப்பது இவற்றுக்கு உள்ளே. நம்மவர் எண்ணெய் ஊற்றுவதோ பளபளக்கும் பக்கத் தகடுகளில்!

தலைக்கு எண்ணெய் வைத்தால் சீயக்காய் போட்டு அலசும் நாம், செயினை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறோம். வெளியே மிஞ்சும் எண்ணெய்க்கு இரண்டே வேலை. ரோட்டுப் புழுதியைச் சேர்த்துக் குழைத்துப் பற்களை அரைக்கும். கல்யாணத்துக்குக் கிளம்பும் நாளில் பேண்ட்டின் வலது காலில் கையெழுத்துப் போடும்.

முறை எளிது. மண்ணெண்ணெயோ டீசலோ தொட்ட பிரஷ்ஷால் அழுக்கைத் தேய்த்து எடுத்து, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு பெடலைப் பின்னோக்கிச் சுற்றியபடி ரோலருக்கு ஒரு சொட்டு வீதம் சைக்கிள் செயின் ஆயில். சற்றுப் பொறுத்து, பழைய பனியன் துணியால் வெளிப்புறத்தை ஈரமே இல்லாதபடி துடைத்தாக வேண்டும். எண்ணெய் வீணாகிறதே என்று பாட்டி முணுமுணுப்பார், துடைத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் செயின் பல்லில் நழுவினால் ஸ்கேலை எடுங்கள். பின் முதல் பின் வரை 24 கண்ணிகள் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். அரை நூல் நீண்டிருந்தால் செயினை மாற்றுங்கள். ஒரு நூல் நீண்டிருந்தால் ஃப்ரீ வீலுக்கும் சேர்த்துப் பணம் எடுத்துப் போங்கள்.