ஒம்பது மாடசாமியும் ஒரு பேராண்டியும்

ஏலே பேராண்டி, சென்னையில இன்சூரன்ஸ் கம்பெனியில உனக்கு ‘டேட்டா கவர்னன்ஸ் அனலிஸ்ட்’ வேலைன்னு உங்கம்மா தெருத்தெருவா சொல்லிக்கிட்டுத் திரியா. கவர்னர் ஆபீஸ்னு நெனச்சு மேலத்தெருக்காரன் ஒருத்தன் பட்டா மாறுதலுக்கு மனு எழுதி வச்சிருக்கான். வந்தா வாங்கிக்க.

ஒரே ஆளு மூணு எடத்துல மூணு பேருல கெடந்தா ஒண்ணாக்கணும், தப்பு வந்தா யாரு பொறுப்புன்னு எழுதி வைக்கணும். அம்புட்டுதான? நம்மூர் கணக்கப்பிள்ளை காதுல பென்சில் வச்சிருந்தாரு, நீ இயர்போன் மாட்டியிருக்க.

இங்க ஒம்பது மாடசாமி. எவன் எவன்னு ஆடு மேய்க்கிற பயலுக்கும் தெரியும். உங்க கம்ப்யூட்டரு ‘லாஸ்ட் நேம்’ கேக்கு. நம்மகிட்ட இனிஷியல் தவிர என்ன இருக்கு? ஏஜெண்டு ஒருத்தனுக்கு அப்பன் பேரப் போட்டான், ஒருத்தனுக்கு ஊர் பேரு, ஒருத்தனுக்கு வெறும் புள்ளி. புள்ளிய வச்சு நீ கோலம் போடுத.

பொறந்த தேதியை மட்டும் கிளறாத. அந்தக் காலத்துல பள்ளிக்கூடத்துல சேக்கும்போது தலைக்கு மேல கைய வளைச்சுக் காதத் தொட்டா அஞ்சு வயசு. வாத்தியாரு ஜூன் 1ன்னு எழுதிருவாரு. பாதி ஊரு அன்னைக்குத்தான் பொறந்திருக்கு. மருத்துவச்சி எப்படித்தான் ஓடுனாளோ. மூணு வருஷம் தாண்டுன பாலிசியத் தள்ள முடியாதுன்னு இன்சூரன்ஸ் சட்டம் 45வது பிரிவு சொல்லுதாம். தெம்பாத்தான் இருந்தேன். வயசுக்கு மட்டும் எப்ப வேணா ஆதாரம் கேக்கலாம்னு அதே பிரிவுல ஒரு வாலும் இருக்குன்னு ஏஜெண்டு சொன்னான்.

‘டேட்டா ஓனர்’ யாருன்னு மீட்டிங்ல கேட்டா எல்லாரும் கைய விரிக்காங்களாமே? கோயில் காளைடா அது. ஜல்லிக்கட்டுல ஜெயிச்சா எங்க காளம்பான், அடுத்தவன் வயல்ல எறங்குனா சாமி காளம்பான். கட்டுத்தறிக்கு ஆளு வச்சுப்புடு. கெணத்தடியில ஒருத்தன் சக்கர வியாதியப் பேசுனா நமக்குப் பொழுதுபோக்கு. அதே சேதியக் காவல் போடாம உங்க கம்பெனி சிந்தவிட்டா, 2023ல வந்த சட்டப்படி 250 கோடி வரைக்கும் அபராதம். நம்மூரையே வித்தாலும் தேறாது.

அது கெடக்கட்டும். என் பாலிசியில நாமினி இன்னும் உங்க பாட்டிதான். அவ போயி ஒம்பது வருஷம் ஆச்சு. பொங்கலுக்கு வாரப்ப மாத்துத ஃபாரம் ஒண்ணு கொண்டா. உம் பேரத்தான் போடலாம்னு இருக்கேன். உங்க சித்தப்பங்கிட்ட சொல்லாத, அவங்கிட்டயும் இதத்தான் சொல்லியிருக்கேன்.