மார்ச் 14-இல் வட்டப் பலகாரம் உண்ணும் வழக்கம்: ஒரு முதனிலை ஆய்வு

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் தறுவாயில் உலகின் இரு மூலைகளில் மக்கள் வட்டமான பலகாரம் உண்கிறார்கள். ஒரு மூலை சான் பிரான்சிஸ்கோ, மற்றது மயிலாப்பூர். இவ்விரண்டையும் ஒரே கட்டுரையில் வைத்துப் பார்க்கும் துணிவு அறிஞர்களுக்கு இதுவரை வரவில்லை. இக்கட்டுரையாளருக்கு அறிஞர் என்ற பெயர் இல்லாததால் அந்தத் தயக்கமும் இல்லை.

முதல் தரப்பின் வரலாறு சிறியது. 1988-இல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம் அறிவியல் கூடத்தில் பணியாற்றிய இயற்பியலாளர் லாரி ஷா, மார்ச் 14-ஐ அமெரிக்க வழக்கப்படி 3/14 என்று எழுதினால் வட்டத்தின் ‘பை’ தெரிவதைக் கண்டார். உடன் வேலை செய்தவர்களோடு வட்டமாக ஊர்வலம் வந்து, அதே ஒலியில் பெயர் கொண்ட பழப் பலகாரத்தைத் தின்றார். 2009-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது. 2019-இல் யுனெஸ்கோ அந்த நாளை உலகக் கணித நாளாக அறிவித்தது. தின்பதற்கு ஒரு சாக்கு ஐக்கிய நாடுகள் வரை போய் முத்திரை வாங்கிவந்த கதை இது.

இந்தியர் இதை ஏற்பதில் ஒரு தடை உண்டு. நாம் 14/3 என்று எழுதுகிறோம். வகுத்தால் 4.67 வரும், அது எந்த வட்டத்துக்கும் உதவாது. நமக்குப் பள்ளியில் சொல்லித்தந்த பை 22/7. ஆகவே நமக்குரிய நாள் ஜூலை 22. துல்லியத்திலும் அதுவே மேல்: 3.14 உண்மை மதிப்பைவிட ஏறத்தாழ 0.0016 குறைகிறது, 22/7 ஏறத்தாழ 0.0013 தான் கூடுகிறது. ஆனால் ஜூலை 22 ஆடியில் விழுகிறது. ஆடியில் நல்ல காரியம் எதையும் புதிதாகத் தொடங்குவதில்லை. தொடங்கினாலும் அம்மாதத்துக்கு உரியது கூழ். கூழுக்கு விட்டமும் கிடையாது, சுற்றளவும் கிடையாது.

இரண்டாம் தரப்பு, மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் மயிலாப்பூரில் நோற்கும் காரடையான் நோன்பு. வறுத்த அரிசி மாவில் காராமணி, தேங்காய்ப் பல் சேர்த்து, வெல்லத்தில் ஒன்று, உப்பில் ஒன்றாகத் தட்டி, நடுவில் துளையிட்டு, ஆவியில் வேகவைக்கும் அடையே இதன் பலகாரம். உருகாத வெண்ணெயோடு படைப்பார்கள். நடுத்துளை இருப்பதால் அடையின் பரப்பைக் காண வெளிவட்டத்திலிருந்து உள்வட்டத்தைக் கழிக்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோக் கணிதர்களின் பலகாரத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. எந்த அடுக்களை கணிதத்தில் முன்னேறியது என்பதை நடுநிலையாளர் முடிவு செய்யட்டும்.

நேர விஷயத்தில்தான் இரு தரப்பும் அடியோடு பிரிகின்றன. பை அன்பர்களில் தீவிரமானவர்கள் பிற்பகல் 1:59-க்குத் தொடங்குவார்கள், 3.14-க்கு அடுத்த இலக்கங்கள் அவை. எல்லா ஆண்டும் அதே 1:59. மதிய உணவு முடிந்த சௌகரியமான வேளை. நோன்போ சூரியன் கும்பத்திலிருந்து மீனத்துக்கு நகரும் கணத்தைச் சார்ந்தது. விண்மீன்களை வைத்து அளந்தால் சூரியனின் ஒரு சுற்றுக்கு 365 நாளும் 6 மணி 9 நிமிடமும் ஆகிறது. எனவே இந்த ஆண்டு மாலையில் வந்த நோன்பு அடுத்த ஆண்டு நள்ளிரவு தாண்டி வரும், அதற்கடுத்த ஆண்டு விடியலில் வரும். அலாரம் வைத்து எழுந்து, அரைத் தூக்கத்தில் மஞ்சள் சரடு கட்டிக்கொண்டு, பசியோடு அடையைப் பிட்ட குடும்பங்களுக்கு வானியல் பாடம் தனியாகத் தேவையில்லை. வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம் சொல்லும், திருக்கணிதம் வேறொரு நேரம் சொல்லும். வயிறு முன்னதாக வருவதன் பக்கமே நிற்கும் என்பது இக்கட்டுரையாளரின் கணிப்பு.

இந்தக் கால் நாள் தொல்லையை ஜூலியஸ் சீசர் வேறு விதமாகத் தீர்த்தார். கால் கால் நாளாகச் சேர்த்துவைத்து நான்காண்டுக்கு ஒருமுறை பிப்ரவரியில் ஒரு நாளாகக் கூட்டிவிடும் முறையைப் பொ.மு. 45-இல் நடைமுறைப்படுத்தினார். மறு ஆண்டே மார்ச் 15 அன்று அவரைக் குத்திக் கொன்றார்கள். ஆபத்து உண்டென்று குறிசொல்பவர் ஒருவர் முன்பே எச்சரித்திருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவர் நாளைச் சொன்னாரே தவிர நாழிகையைச் சொல்லவில்லை. நம்மூர்ப் பஞ்சாங்கமாக இருந்தால் ராகுகாலமாவது போட்டிருக்கும்.

1879-இல் ஐன்ஸ்டைன் பிறந்ததும், 1883-இல் மார்க்ஸ் இறந்ததும், 2018-இல் ஹாக்கிங் இறந்ததும் மார்ச் 14-இல்தான். பை அன்பர்கள் முதலாமவரையும் மூன்றாமவரையும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். மார்க்ஸுக்கு ஒரு துண்டுகூட எடுத்துவைப்பதில்லை.

பருவம் பற்றி ஒரு வார்த்தை. மேலை நாடுகளில் மார்ச் நடுப்பகுதி வசந்தத்தின் வாசல். தமிழ் இலக்கண மரபிலோ மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். இளவேனிலுக்குச் சித்திரை வரை காத்திருக்க வேண்டும். ஆகவே சாலையோரத்தில் குவிந்திருக்கும் தர்பூசணியை ஆய்வாளர்கள் பனிக்காலப் பழமாகவே வகைப்படுத்த வேண்டும்.

துளையின் விட்டத்துக்கும் அடை வேகும் நேரத்துக்கும் உள்ள தொடர்பு பற்றிய இரண்டாம் கட்ட ஆய்வு உடனே தொடங்கியாக வேண்டும். மார்ச் 31-க்குள் செலவாகாத நிதி திரும்பப் போய்விடும் என்பதால், இரண்டு கிலோ வெல்லம், ஒரு கிலோ காராமணி, அரைக் கிலோ வெண்ணெய், ஒரு கட்டு வாழையிலை ஆகியவை ‘ஆய்வக நுகர்பொருள்’ என்ற தலைப்பில் முன்னரே வாங்கப்பட்டுவிட்டன. வெண்ணெய்க்கு மட்டும் தணிக்கையாளர் ஆட்சேபம் எழுதியிருக்கிறார். ஆய்வு முடிவதற்குள் அது உருகிவிட்டதாம்.