பேட்டரி மாற்றும் படலம்

கார் பேட்டரி ஓய்வு நாளில் சாகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எங்கும் போக வேண்டாத வேளையில் உயிரை விடுகிற பேட்டரியை எந்தக் கம்பெனியும் இதுவரை தயாரிக்கவில்லை. ஆவணி மாத முகூர்த்த நாள், விடியற்காலை நாலரை மணி, பின்சீட்டில் மூன்று பட்டுப்புடவை, மடியில் சீர்வரிசைத் தட்டு. அப்போது சாவியைத் திருப்பினால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கும். இந்நிலையில் என்ன செய்வது, அடுத்த பேட்டரியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு நம் குடும்பங்களில் வழிவழியாக வந்த முறை ஒன்று உண்டு. புதிதாகக் கார் வாங்கியவர்கள் நலன் கருதி அதை இங்கே தருகிறேன்.

முதலில், பேட்டரி போய்விட்டது என்று ஒப்புக்கொள்ளவே கூடாது. சாவியை இன்னும் பத்துப் பன்னிரண்டு முறை திருப்புங்கள். மிச்சம் மீதி இருந்த சார்ஜும் ஒழியும். அதன்பின் வாட்ச்மேன், பால்காரர், பேப்பர் போடும் பையன் எல்லோரையும் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லுங்கள். "செகண்ட் கியர்ல போட்டு கிளட்ச்ச டக்குனு விடுங்க சார்" என்று ஒருவர் நிச்சயம் கத்துவார். ஆட்டோமேட்டிக் கார்களில் இந்த வித்தை பலிக்காது. ஆனாலும் ஆர்வத்தோடு வந்தவர்களை ஏமாற்றாமல் தெருமுனை வரையாவது தள்ளவிடுங்கள். 1912-ல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுழற்றித்தான் எஞ்சினை எழுப்பினார்கள். அம்பாசடர் வைத்திருந்த தாத்தா யாராவது அருகில் இருந்தால் அந்தக் கைப்பிடியின் பெருமையை இப்போது சொல்லத் தொடங்குவார். முகூர்த்தம் தவறினாலும் பரவாயில்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது நோய் கண்டறிதல். இதற்கு மல்டிமீட்டர் என்றொரு கருவி இருக்கிறது, சில நூறு ரூபாய்தான். ஆகவே யாரும் வாங்குவதில்லை. வாங்கியவர்களுக்கு ரகசியம் எதுவும் மிஞ்சாது என்பதும் ஒரு காரணம். இரவு முழுக்க நின்ற காரில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரி நிறைந்திருக்கிறது. 12-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் ஏறக்குறைய காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் ஏதாவது காட்ட வேண்டும். ஓடும்போதும் 12.2-லேயே முள் நின்றால் கோளாறு பேட்டரியில் இல்லை, ஆல்டர்னேட்டர் சார்ஜ் ஏற்றவில்லை. அப்படிப்பட்ட காரில் புது பேட்டரியைப் போட்டால் அதுவும் சீக்கிரமே படுத்துவிடும். இதைக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அவர் வியாபாரத்தைக் கெடுக்காதீர்கள்.

டெர்மினலைச் சுற்றி வெள்ளையும் நீலமுமாகப் பூத்திருக்கும் பொடியையும் கண்டுகொள்ளாதீர்கள். அந்தப் பொடியே பல நேரம் மின்சாரத்தை மறித்துக்கொண்டு நிற்கிறது. வெந்நீர் ஊற்றித் துடைத்து, கிளாம்பை இறுக்கி, கொஞ்சம் வாசலின் தடவினால் செத்ததாகக் கருதப்பட்ட பேட்டரி எழுந்து உட்காருவதுண்டு. செலவு ஒரு டம்ளர் வெந்நீர். ஆறாயிரம் ரூபாய் செலவழித்தேன் என்று ஆபீசில் சொல்லிக்கொள்வதில் உள்ள கம்பீரம் அதில் ஏது?

சில பேட்டரிகளின் தலையில் ஒரு சின்னக் கண் இருக்கும். பச்சை தெரிந்தால் நலம், கறுப்பு தெரிந்தால் சார்ஜ் போடு என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள். 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள். இந்தக் கண் பார்ப்பது அவற்றில் ஒன்றை மட்டும். பக்கத்து அறையில் சாவு விழுந்திருந்தாலும் அது பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். உங்கள் மச்சான் டார்ச் அடித்து அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு, "பேட்டரி சூப்பரா இருக்கு மாமா, ஸ்டார்ட்டர்தான் போச்சு" என்பார். ஸ்டார்ட்டரைக் கழற்றிக்கொண்டு புதுப்பேட்டை போய்வாருங்கள். ஒரு பகல் கழியும்.

இனி பிராண்ட். இங்கே அறிவுக்கு வேலை இல்லை, விசுவாசம்தான். தமிழ்நாட்டில் எக்சைடு குடும்பங்கள் உண்டு, அமரான் குடும்பங்கள் உண்டு. சம்பந்தம் பேசும்போது இதை யாரும் விசாரிப்பதில்லை என்பது ஆச்சரியம். எக்சைடுக்கு ஓசூரில் தொழிற்சாலை இருப்பதால் அது நம்மூர்ச் சரக்கு என்பார் சித்தப்பா. அமரான் திருப்பதிப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டதும் பெரியம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார். தீர்ப்பு அங்கேயே முடிந்தது. இரண்டுக்குள்ளும் இருப்பது ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான், 1859-ல் பிளாண்டே என்ற பிரெஞ்சுக்காரர் செய்து காட்டிய அதே சங்கதி என்று நடுவில் புகுந்து சொல்லாதீர்கள். காபி கிடைக்காது.

பழைய பேட்டரியின் மேல் 38பி20எல் என்பதுபோல ஒன்று எழுதியிருக்கும். தேர்வுக்குத் தேவையான முக்கால்வாசி விஷயம் அதிலேயே அடங்கிவிடுவதால் அதைப் படிக்காமலே கடைக்குப் போவது மரபு. 38 என்பது திறன் வரிசை. பி என்பது அகல உயரக் கணக்கு. 20 என்பது ஏறத்தாழ சென்டிமீட்டரில் நீளம். கடைசியில் வரும் எல், ஆர் என்ற எழுத்து ப்ளஸ் எந்தப் பக்கம், மைனஸ் எந்தப் பக்கம் என்பதைக் குறிக்கிறது. அதை மாற்றி வாங்கினால் காரின் கேபிள் எட்டாது. எட்டாத கேபிளை மெக்கானிக் தம்பி "இழுத்துப் போட்டுக்கலாம் சார்" என்று சமாளிப்பார். இழுத்துப் போட்ட கேபிள் எங்கே உரசும் என்பதை அவர் சொல்லமாட்டார். டின் (DIN) வகை பேட்டரி என்றால் டெர்மினல்கள் மேலே துருத்தாமல் பள்ளத்துக்குள் இருக்கும். அந்த வண்டிக்கு அந்த வகைதான்.

"பெருசா போட்டுக்கோ, கெட்டியா இருக்கும்" என்று சொல்லாத சொந்தக்காரர் கிடையாது. சின்னக் காருக்கு 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர்) போதும் என்று கம்பெனி சொன்னால், 65 கொடு என்று கேட்பதுதான் நம் வழக்கம். தட்டில் பொருந்துகிற அளவில் கொஞ்சம் கூடினால் கெடுதல் இல்லை. ஆனால் உயரம் கூடிப்போய் பானட்டை மூடும்போது தகரம் டெர்மினலைத் தொட்டால் தீப்பொறி பறக்கும். ஆயுத பூஜைக்கு முன்பே கற்பூரம் காட்டிவிட்ட திருப்தி கிடைக்கலாம்.

கொஞ்சம் படித்தவர்கள் சிசிஏ எவ்வளவு என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. மைனஸ் 18 டிகிரி குளிரில், 30 வினாடிக்கு, 7.2 வோல்ட்டுக்குக் கீழே இறங்காமல் எத்தனை ஆம்பியர் தரும் என்பதே அந்தக் கணக்கு. வேலூரில் கத்திரி வெயிலில் நின்றுகொண்டு இதைக் கேட்பவருக்கு என் வணக்கம். எஞ்சினைச் சுழற்ற ஓரளவு சிசிஏ வேண்டும்தான். கம்பெனி சொன்ன எண்ணுக்குக் குறையாமல் இருந்தால் தீர்ந்தது. நம் ஊரில் பேட்டரியைக் கொல்வது சூடு. பானட்டுக்குள் வெந்துகொண்டே இருப்பதால் தண்ணீர் வற்றுகிறது, உள்ளிருக்கும் ஈயச் சட்டம் அரித்துப்போகிறது. குளிர்நாட்டுக்காரர் ஐந்தாறு ஆண்டு ஓட்டினேன் என்று சொன்னால் பொறாமைப்படாமல் மூன்று, நான்கு ஆண்டோடு மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

சிக்னலில் நின்றதும் எஞ்சின் தானாக அணைந்து, கிளம்பும்போது தானாக எழுகிற கார் என்றால் அதற்கு இ.எஃப்.பி. அல்லது ஏ.ஜி.எம். பேட்டரி வேண்டும், விலையும் கூடுதல். அந்த வசதியை எரிச்சலில் தினமும் பட்டனை அமுக்கி அணைத்துவிட்டே ஓட்டுகிறவர்கள் நம்மில் ஏராளம். காருக்கு அது தெரியாது. சாதா பேட்டரியைப் போட்டால், பட்டனை மறந்த நாள்களின் கணக்கை அது வட்டியோடு வசூலிக்கும்.

கடையில் தயாரிப்புத் தேதியைக் கேட்காதீர்கள், கடைக்காரர் முகம் வாடும். அரை லிட்டர் தயிர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிற நாம், ஆறாயிரம் ரூபாய்ப் பெட்டியைப் புரட்டிப் பார்க்காமல் வாங்குவதில்தான் நம் பெருந்தன்மை இருக்கிறது. அலமாரியில் சும்மா இருந்தாலும் பேட்டரியின் சார்ஜ் மெல்ல இறங்கிக்கொண்டேயிருக்கும். நாள்பட இறங்கிக் கிடந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகும். தூசி தட்டி எடுத்துக் கொடுக்கிற பேட்டரியை, தூசி தட்டியதற்காகவே மறுக்கலாம். ஆனால் நம்மால் முடியாதே.

காரில் ஏற்றும்போது முதலில் மைனஸ் கேபிளைக் கழற்று, பிறகு ப்ளஸ். மாட்டும்போது முதலில் ப்ளஸ், கடைசியில் மைனஸ். முதலில் ப்ளஸ்ஸைக் கழற்றினால் ஸ்பானர் காரின் உடம்பில் பட்டதும் ஷார்ட் ஆகும். மெக்கானிக்குகளுக்கு இது தெரியும். தெரிந்தும் அவசரத்தில் மாற்றிச் செய்வார்கள். பேட்டரியைப் பிடித்து நிறுத்தும் கிளாம்பை "இது எதுக்கு சார்" என்று ஓரமாக எறிந்தாலும் ஒன்றும் சொல்லாதீர்கள். நம் சாலைக் குலுக்கலில் உள்ளிருக்கும் தகடுகள் உதிர்வது அவர் பிரச்சினை இல்லையே.

பழைய பேட்டரிக்குக் கடையில் விலை உண்டு, பில்லில் கழிப்பார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. நூறு ரூபாய் கூடுதலாகத் தருகிறேன் என்கிற பழைய இரும்புக்காரர், அமிலத்தை எந்தச் சாக்கடையில் ஊற்றுவார் என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் வேடிக்கை இல்லை, கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக வாரன்டி. 55 மாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். அதில் முதல் பகுதிக்குத்தான் இலவச மாற்று. மிச்ச மாதங்களுக்குப் புரோரேட்டா, அதாவது எம்.ஆர்.பி.யில் ஒரு கழிவு. கடைக்காரரோ யாருக்கும் எம்.ஆர்.பி.க்கு விற்பதில்லை. எனவே கடைசி மாதங்களில் வாரன்டியோடு போனாலும் வெறுங்கையோடு போனாலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். இலவசக் காலத்துக்காவது கார்டில் தேதியும் சீலும் வாங்குங்கள். பில்லைக் கையோடு போட்டோ எடுத்து வையுங்கள். 55 மாத வாரன்டிக்குக் கொடுக்கிற அந்த வழவழப்பான தாளில், டேஷ்போர்டு வெயில் பட்டால் எழுத்து ஒரு கோடைகூடத் தாங்காது.