கொம்புச் சாயம் பாத்து மாடு வாங்குறவன்

வா அப்பு, இப்படித் திண்ணையில உக்காரு. கையில என்ன வழுவழுன்னு? காலேஜு புத்தகமா? குடு பாப்பம். அடேங்கப்பா! நீச்சல்குளம், ஏசி பஸ்ஸு, வெள்ளைக்காரப் புள்ளை ஒண்ணு புத்தகத்தைக் கட்டிப்புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிது. வல்லத்திராக்கோட்டைக் கம்மாயில நீஞ்சாத நீச்சலையா லட்சம் லட்சமாக் கட்டிப் படிக்கப் போற? பாடம் நடத்துற வாத்தியாரு யாரு? அதை மட்டும் எந்தப் பக்கத்துலயும் காணோமே!

சந்தையில மாடு வாங்குறவன் பல்லைப் புடிச்சுப் பாப்பானா, கொம்புல பூசுன சாயத்தைப் பாப்பானா? நீ சாயத்தைப் பாக்குற. அதுக்குக் காசு பொரட்ட ஒங்கப்பன் தைலமரக் காட்டை அடமானம் வைக்கக் கெளம்பிட்டான்.

கேட்டா, மிலிட்டரி ஆபிசராகணும், அதுக்குப் பெரிய காலேஜு வேணும்ங்குற. யாரு சொன்னா? வீடு தேடி வந்த ஏசென்ட்டா? சேத்துவுட்டா அவனுக்குக் கமிசன். வட்டி கட்டப் போறது யாரு?

புதுக்கோட்டையில மன்னர் காலேஜு நிக்கிதே, 1880லேருந்து. சர்க்காரு காலேஜு. பஸ்ஸுல போயிட்டு ராத்திரி வீட்டுச் சோறு திங்கலாம். ஆறாவதுலேருந்து பன்னெண்டு வரைக்கும் சர்க்காரு பள்ளிக்கூடத்துல படிச்ச பயலுக்குத் தமிழ்ப்புதல்வன், புள்ளைக்குப் புதுமைப்பெண்ணுன்னு மாசம் 1,000 ரூபா பேங்குல விழுகுது. காசு வந்து சேர்ற எடம் ஒனக்குக் கேவலம், காட்டைப் புடுங்குற எடம் கௌரவமோ?

இப்ப ஆபிசரு கணக்கைக் கேளு. என்.சி.சி. இருக்குற காலேஜாப் பாத்து, மொத வருசமே அதுல சேரணும். 'அடுத்த வருசம் பாத்துக்கலாம்'னா போச்சு. மூணு வருசம் பரேடு, கேம்ப்பு, கடைசியில 'சி' சர்டிபிகேட்டு. அதுல 'பி' கிரேடாவது வாங்கி, டிகிரியில 50 சதவீதம் எடுத்தா, என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரின்னு ஒரு வாசல் தெறக்கும். வயசு 19லேருந்து 25க்குள்ள, கல்யாணம் ஆகியிருக்கப்படாது. யு.பி.எஸ்.சி. எழுத்துப் பரிச்சை இல்ல. மார்க்கை வச்சு வடிகட்டி, நேரா எஸ்.எஸ்.பி.ங்குற ஆபிசர் தேர்வுக்குக் கூப்புடுவாய்ங்க.

அங்க அஞ்சு நாளு. மொத நாளு மங்கலா ஒரு படத்தைக் காட்டி, கதை எழுதுன்னுவாய்ங்க. தேறாதவன் அன்னைக்கே மூட்டையைக் கட்டணும். தேறுனவய்ங்க நெஞ்சுல நம்பரோட கூட்டமா நிப்பாய்ங்க. கயிறு, பலகை, கட்டையைக் குடுத்து, தரையில கால் படாம அந்தப் பக்கம் போங்கம்பாய்ங்க. ஒங் காலேஜுல ஏசி பஸ்ஸு இருந்துச்சான்னு அங்க எவன் கேப்பான்? பக்கத்துல நிக்கிறவனைச் சேத்துக்கிட்டு வேலையை முடிக்கிறியா, வாய்ச்சவடால் அடிக்கிறியான்னுதான் பாப்பாய்ங்க.

அதுலயும் மெடிக்கல்லயும் தேறி, மெரிட்டு லிஸ்ட்டுல பேரு வந்தா, சென்னை பரங்கிமலையில ஆபிசர் டிரெய்னிங் அகாடமி. 49 வாரம் பயிற்சி. பயிற்சிக் காலத்துலயே மாசம் 56,100 ரூபா. 1992லேருந்து பொம்பளைப் புள்ளைகளுக்கும் அங்க பயிற்சி உண்டு. ஒந் தங்கச்சி காதுலயும் போட்டு வையி.

அம்புட்டு நாளு பொறுக்க மாட்டியா? பதினாறரையிலேருந்து பத்தொம்பதரை வயசுக்குள்ள பயிற்சியில சேர்ற மாதிரி, என்.டி.ஏ.ங்குற ராணுவ அகாடமிக்குப் பரிச்சை எழுது. கெடைச்சா சோறு, தங்குற எடம், உடுப்பு எல்லாம் சர்க்காரு செலவு.

ஒண்ணை மறைக்கப்படாது. எஸ்.எஸ்.பி.க்குப் போறதுல திரும்பி வர்றவய்ங்கதான் அதிகம். வந்தா என்ன குடியா முழுகிப்போகும்? கையில டிகிரி இருக்கும், தலையில கடன் இருக்காது. காட்டை வச்சுப் படிச்சவன் திரும்பி வந்தா என்ன பண்ணுவான்?

போ. காலேஜுக்குப் போனா கட்டடத்தை அண்ணாந்து பாக்காத. என்.சி.சி. பாக்குற வாத்தியாரு யாரு, எத்தனை எடம் இருக்குன்னு கேளு. நாளையிலேருந்து விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சு ஓடு. ஆத்தா வந்து தண்ணி தெளிச்சாத்தான் எந்திரிப்பேன்னா, ஒனக்கு எந்தக் காலேஜும் ஒண்ணுதான்.